மஞ்சள் டேப்

எதிர் அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. தரையைக் கழுவி மருந்து தெளித்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சுவரில் அந்த வெள்ளைப் பெட்டி மட்டும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை, எல்லோருக்கும் நான் டைப்பிஸ்ட் அம்மாதான். கால்கள் இரண்டும் கைவிட்டுவிட்டதால் சக்கர நாற்காலி. காலைக் காபி முடிந்ததும் அதை என் அறை வாசலில் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அங்கிருந்து நடையின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் தெரியும். நேர் எதிரே மேஸ்திரியின் அறை.

மேஸ்திரி என்றால் வீடு கட்டும் மேஸ்திரி இல்லை, தரை போடுகிறவர். வாழ்க்கை முழுவதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸ் பதித்த மனிதர். முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். மெத்தையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று ஜன்னலுக்குக் கீழே வெறும் தரையில்தான் நீட்டி நிமிர்ந்து படுப்பார். படுத்தபடியே விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்ப்பார். டொக், டொக் என்று எனக்குக் கேட்கும்.

"இதுக்கு அடியில காத்துதான் இருக்கு, டைப்பிஸ்ட் அம்மா. எவன் போட்டானோ, சிமெண்டைக் காட்டிட்டு எடுத்துட்டுப் போயிருக்கான்."

"உங்களை மாதிரி ஒரு ஆளா இருக்கும்" என்பேன். சிரிப்பார். அவரோடு வாயடிப்பதில்தான் எனக்குப் பாதிப் பொழுது போனது.

இந்த இல்லத்தின் பெரிய நர்ஸ் அவருடைய மகள். அம்மா போன பிறகு அப்பாவைத் தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ள இங்கே சேர்த்தாள். ஆனால் வேலை நேரத்தில் அவரையும் மற்றவர்களைப் போல "ஐயா" என்றுதான் கூப்பிடுவாள். பெரிய நர்ஸ் சொந்த அப்பாவுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். கதவைச் சாத்திய பிறகுதான் "அப்பா" வெளியே வரும். அவரோ ஊர் கேட்க "பாப்பா" என்று கூப்பிடுவார். தலை நரைக்கத் தொடங்கிய பாப்பா. அவள் முறைப்பாள், நாங்கள் சிரிப்போம்.

எல்லாம் டீச்சர் செத்ததில் ஆரம்பித்தது. நடையின் கோடியில் இருந்த அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, யாருக்கும் தெரியாமல் விடியும்வரை ஈரத்தில் கிடந்தார். கண்டுபிடித்தபோது உடம்பு விறைத்திருந்தது. டீச்சரின் மகன் வந்து போட்ட கூச்சலில் மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விழுந்தால் உடனே தெரியப்படுத்தும் கருவி ஒன்றை எல்லா அறையிலும் வைத்தே தீருவது என்று முடிவு செய்தார். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பெரிய நர்ஸ் தலையில் கட்டினார்.

டீச்சரைத் தூக்கிக் கிடத்தியவள் அவள்தான். அன்றைக்கு எதிர் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது. "உங்களுக்கு இப்படி ஆயிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் என்ன சொன்னாரோ, கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில்தான் காட்சி. விழுகிறவர்கள் நாங்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் விட்டார்கள்.

முதலாவது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பித்தான். விழுந்தால் அழுத்த வேண்டும். பரீட்சைக்காக எங்களில் சிலருக்கு மாட்டினார்கள். ஒருத்தர் சாப்பாடு இன்னும் வரவில்லை என்று அழுத்தினார். ஒருத்தர் அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டார். நான், சும்மா இருப்பானேன் என்று, காபியில் சர்க்கரை இல்லை என்று அழுத்தினேன். அதோடு அது போயிற்று.

அடுத்தது கேமரா. குளியலறையிலுமா என்று நான் கேட்டேன். அங்கேதானேம்மா அதிகம் விழறாங்க என்றான் அந்த ஆள். உங்க அம்மா குளிக்கிற இடத்துல முதல்ல மாட்டிட்டு வா என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூன்றாவது, கட்டிலுக்கு அருகே தரையில் விரிக்கும் ரப்பர் விரிப்பு. காலை வைத்தால் மணி அடிக்கும். மேஸ்திரி அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "இது தடுக்கியே நாலு பேர் விழுவாங்க. விழவெச்சுட்டு மணி அடிக்கிறதா?" என்றார். பெரிய நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக வந்தது இந்த வெள்ளைப் பெட்டி. சுவரில் மாட்டினால் போதும். படம் எடுக்காது. அறைக்குள் ஆள் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்று அலையை வைத்துக் கண்டுபிடிக்குமாம். கழுத்தில் டை கட்டிய கம்பெனிக்காரர் தானே விழுந்து காட்டினார். முன்னால் மெத்தை போட்டு, டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, கண்ணை மூடிப் பொத்தென்று விழுந்தார். பெட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு காது கிழியக் கத்தியது.

"ஏன் உடனே கத்தல?" என்று பெரிய நர்ஸ் கேட்டாள்.

"விழுந்தவங்க தானா எழுந்துக்கலாம் இல்லையா மேடம்? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். தரையிலயே கிடந்தா, கத்திடும்."

அவள் அவரைத் திரும்பத் திரும்ப விழச் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில், கதவு ஓரத்தில், குளியலறைக்குள். இருட்டில் ஒருமுறை, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை. பாவம், அந்த மனிதர் விழுந்து விழுந்து நொண்ட ஆரம்பித்தார். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். அந்தக் கடுமையை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பெட்டியைச் சோதிக்கவில்லை. டீச்சர் கிடந்த இடத்தில் தன் அப்பாவைக் கிடத்திப் பார்த்து, யார் வருகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியே தேறியது. எல்லா அறையிலும் மாட்டினார்கள்.

மாட்டிய முதல் நாள் மேஸ்திரி வழக்கம் போல ஜன்னலுக்குக் கீழே போய்ப் படுத்தார். பெட்டி அலறியது. நடையெல்லாம் ஓட்டம். எக்ஸ்பிரஸ் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் உதவியாளர் பெண் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பெரிய நர்ஸ் மேல் மாடியிலிருந்து தாவி வந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. மேஸ்திரி கை இரண்டையும் தலைக்குக் கீழே கொடுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எல்லாரும் கூட்டமா வந்திருக்கீங்க?"

பெரிய நர்ஸுக்கு முதலில் அழுகைதான் வந்திருக்க வேண்டும். கோபமாக மாற்றிக்கொண்டாள். "ஐயா, கட்டில் எதுக்கு இருக்கு?" என்று கத்தினாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் பலமுறை அலறிவிட்டது. மறுநாளும் அதே கூத்து. கட்டிலில் படுப்பார், முதுகு வலிக்கும், முனகிக்கொண்டே இறங்குவார், பெட்டி கத்தும். மேனேஜர் நடையில் நின்றே சொன்னார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

"இப்படியே போனா அவரை பெல்ட் நாற்காலிக்கு மாத்திட வேண்டியதுதான். ஒருத்தருக்காக எல்லாரும் ஓடிட்டே இருக்க முடியாது. உங்க அப்பாவா இருந்தாலும் சரி."

பெல்ட் நாற்காலி என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஓரக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, பூட்டு பின்பக்கம். டிவி ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கே போனவர்கள் கொஞ்ச நாளில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரி அந்தப் பக்கமே போக மாட்டார். தரையில் உட்காராமல் இருக்கவே தெரியாத மனிதரை அதில் கட்டி வைப்பதாவது!

பெரிய நர்ஸ் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் நொண்டிக்கொண்டே வந்தார். "இது ஒரு பிரச்சனையே இல்ல மேடம். ரூம்ல எந்த இடத்தைக் கண்டுக்க வேண்டாம்னு சொல்லுங்க, அந்த இடத்தை விட்டுடும்" என்றார். போனில் அறையின் வரைபடம் வந்தது, வெறும் கோடுகளாக. ஜன்னலுக்குக் கீழே விரலால் ஒரு கட்டம் போட்டார். அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குள் ஆள் படுத்தாலும் உருண்டாலும் பெட்டி வாயைத் திறக்காது. வெளியே ஒரு அடி வந்து கிடந்தால் கத்திவிடும்.

அவள் மஞ்சள் டேப் வாங்கி வந்து, அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று தரையில் ஒட்டினாள். கதவைச் சாத்தவில்லை. ஆனாலும் "அப்பா" என்றாள்.

"அப்பா, இதுக்குள்ள நீங்க ராஜா. படுங்க, உருளுங்க, என்ன வேணா பண்ணுங்க. இதைத் தாண்டித் தரையில உட்கார மட்டும் கூடாது. என் மானத்தைக் காப்பாத்துங்க."

"சரி பாப்பா. ஆனா டேப் கோணலா இருக்கே."

அவள் போனதும் அவர் அதைப் பிய்த்து எடுத்தார். என்னிடமிருந்து நூல் வாங்கி, இழுத்துப் பிடித்து, நாலு மூலையும் பார்த்து மறுபடி ஒட்டினார். ஒரு மயிரிழை பிசகவில்லை. உள்ளே போய்ப் படுத்தார், பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு. "எப்படி?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதன் பிறகு அது ஒரு விளையாட்டாகிப்போனது. சில நேரம் மறந்து கட்டிலோரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். "மேஸ்திரி, கோடு!" என்று நான் குரல் கொடுப்பேன். பெட்டி பொறுத்துப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், உட்கார்ந்தபடியே கையை ஊன்றிச் சரசரவென்று நகர்ந்து டேப்புக்குள் போய்விடுவார். டைல்ஸ் பதிக்கிறவர்கள் அப்படித்தான் நகர்வார்களாம். பெட்டி ஏமாந்துபோய்ச் சும்மா இருக்கும்.

"ஜெயிச்சுட்டேன் டைப்பிஸ்ட் அம்மா!"

நான் கை தட்டுவேன். இந்த வயதில் எங்களுக்கு வேறு என்ன ஜெயம் இருக்கிறது? எக்ஸ்பிரஸ் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

எதிர் அறையிலிருந்து அலறல் நின்றது. மேனேஜர் பெல்ட் நாற்காலிப் பேச்சை விட்டார். பெரிய நர்ஸ் நடையில் போகும்போது கதவுக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். அப்பா டேப்புக்குள், விளக்கு பச்சை. அவள் தோள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

அந்த நாள் எனக்கு உடற்பயிற்சி நாள். காலையிலேயே என்னைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காலை மடக்கு, நீட்டு, மடக்கு என்று உயிரை வாங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே கொடுத்துத்தான் மேலே அனுப்பினார்கள். வரும்போது எதிர் அறையைப் பார்த்தேன். மேஸ்திரி கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு டேப்புக்குள் படுத்திருந்தார். திரை இழுத்து விட்டிருந்தது.

"என்ன, மகாராஜா இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று எக்ஸ்பிரஸிடம் கேட்டேன்.

"காலைல இருந்து ஒரே தூக்கம்மா. காபி கொண்டு போனேன், வேணாம், தூங்கறேன்மான்னுட்டாரு. மூஞ்சில வெயில் அடிச்சுது, திரையை இழுத்துவிட்டுப் போர்த்திட்டு வந்தேன். சாப்பாடும் வேணாமாம். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

நல்ல பெண். அவளைத் திட்ட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. மற்ற அறையில் யாராவது தரையில் கிடந்திருந்தால் அவள் கத்திக்கொண்டு ஓடியிருப்பாள். பெரிய நர்ஸும் அன்று காலையிலிருந்து அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். தரையில் படுத்திருக்கும் மேஸ்திரியைப் பார்த்து இங்கே யாருக்கும் பதற்றம் வராது. நாங்கள் எல்லோரும் அப்படிப் பழகிவிட்டோம்.

நான் வாசலில் உட்கார்ந்து மாலை காபிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. டொக் டொக் சத்தம் கேட்கவில்லை. தூக்கத்தில்கூடத் தட்டுகிற மனிதர்.

"மேஸ்திரி" என்று கூப்பிட்டேன்.  நாற்காலிச் சக்கரத்தை நானே உருட்டிக்கொண்டு நடையைக் கடந்து அவர் அறைக்குள் போனேன்.

குளியலறை வாசலில் ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. அங்கிருந்து ஜன்னல்வரை தரையில் ஈரம் காய்ந்த தடம், யாரோ நனைந்த துணியை இழுத்துக்கொண்டு போனது போல. தடம் டேப்பைத் தொடும் இடத்தில் டேப் பிய்ந்து சுருண்டிருந்தது. நூல் பிடித்து ஒட்டிய டேப். அதில் ஒரு துண்டு அவர் நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து போர்வையை விலக்கினேன். ஒரு கால், போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தொடை இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. முகம் சாம்பல். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டா இந்த மனிதர் குளியலறை வாசலிலிருந்து இங்கே நகர்ந்து வந்தார்? அதுவும் பெட்டி பொறுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்?

கண்ணைத் திறந்தார்.

"கத்தாதீங்க டைப்பிஸ்ட் அம்மா. பாப்பா பயந்துடுவா."

நான் கத்தினேன். கோர்ட்டே அதிரும்படிக் கத்தினேன். பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த பெரிய நர்ஸ் முதலில் வந்தாள். "என்ன சத்தம் இங்க? ஐயா, இன்னும் எழுந்திரிக்க..." என்று தொடங்கியவள் காலைப் பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து "அப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் நடையின் அந்தக் கோடிவரை போயிருக்கும்.

அவர் முகத்தில் ஒரு பெருமை. சத்தியமாகச் சொல்கிறேன், பெருமைதான்.

"சத்தம் வரல இல்ல பாப்பா? கோட்டுக்குள்ள வந்துட்டேன்."

 நின்ற இடத்திலேயே, டேப்புக்கு வெளியே, தரையில் சரிந்தாள். அவர் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டிய கை அவர் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தது. "ஏம்பா, ஏம்பா கூப்பிடல? நான் இங்கதானேப்பா இருந்தேன்" என்றாள்.  சுவரில் இருந்த அந்தச் சனியனைத் தூக்கி அடிக்க ஒரு பொருள் கிடைக்காதா என்று தேடினேன்.

பெட்டி பொறுத்துப் பார்த்தது. பிறகு கத்தியது.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. நடையெல்லாம் ஓடி வரும் காலடிகள். எக்ஸ்பிரஸ் வந்தாள், சமையல்காரர் கரண்டியோடு வந்தார், மேனேஜர் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் பெரிய நர்ஸைப் பார்த்தார்.

"யாரு? யாரு விழுந்தது?"

மேஸ்திரி மகளின் மடியிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. டேப் ஒட்டிய அந்த விரலை மட்டும் லேசாக ஆட்டினார்.

"நான் இல்ல சார்" என்றார்.